கண்ணை மூடினால் அண்ணன் முகம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபம், பொறாமை, குற்றவுணர்ச்சி பற்றியவை. தியானம் செய்தும் இவை போகவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை. வழக்கம்போல் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டு மாடியில் காலை வேளையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலரோடு சேர்ந்து தியானத்தில் உட்காருகிறேன். குருவும் இல்லை, சாமியாரும் இல்லை.

கேள்வி: அக்கா, அம்மா இறந்த பிறகு எங்கள் அரைக் கோட்டை விதைப்பாட்டு (நம் பக்கத்து நில அளவு) வயலை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளையும் பூமி. மதினியோ, "அவளுக்குத்தான் நகை போட்டு அனுப்பியாயிற்றே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதிக்காக ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். தினமும் காலையில் அரை மணி நேரம் உட்காருகிறேன். கண்ணை மூடினால் அண்ணன் முகம்தான் வருகிறது. எழுந்திருக்கும்போது கோபம் கூடித்தான் இருக்கிறது. "அவரை மனதார வாழ்த்துங்கள்" என்கிறார்கள். வாய் வாழ்த்துகிறது, வயிறு எரிகிறது. எனக்குத் தியானம் ஒத்துவராதா?
— வாசகி, வீரவநல்லூர்

பதில்: ஒத்துவரும் அம்மா. ஆனால் இப்போது செய்கிற விதத்தில் வராது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீளமான கடிதம். ஏறக்குறைய முழுவதும் அண்ணனும் மதினியும்தான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "விடுதலைப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்." சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. மேலே அச்சாகியிருக்கும் சுருக்கத்தில் அதைச் சேர்க்கவில்லை. இங்கே சொல்ல வேண்டும் என்று எடுத்து வைத்தேன்.

என் கண் அந்த வரியில்தான் நின்றது. ஏன் போட்டீர்கள்? யாராவது கட்டாயப்படுத்தினார்கள் என்று கடிதத்தில் இல்லை. அன்றைக்குப் பத்திர ஆபீஸில் பேனாவைக் கையில் வாங்கியபோது மனதுக்குள் என்ன ஓடியது என்றும் இல்லை. அண்ணன் முகம் வாடிவிடக் கூடாது என்று போட்டீர்களா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஈரம் காயாத வீட்டில் சொத்துப் பேச்சை எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தீர்களா? பெரிய மனதுக்காரி என்ற பெயர் கிடைக்கும் என்ற ஆசை அதில் ஒரு துளியாவது இருந்ததா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது. அதைச் சொல்லாமல் சுற்றிப் போவதால்தான் ஒவ்வொரு காலையும் அண்ணன் வந்து நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது. அண்ணன்மேல் கோபம் இருக்கிறது, அது உண்மை. கையெழுத்துப் போட்ட கைமேலும் கோபம் இருக்கிறது. இரண்டாவதைப் பார்க்கக் கூசுகிறது. ஆகவே இரண்டின் பாரமும் அண்ணன் தலையில் ஏறுகிறது.

உட்கார்ந்தால் கோபம் கூடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பகலில் அடுப்பு, பால் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று மனம் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடியதும் அந்த வேலைகள் விலகிவிடுகின்றன. ஏற்கெனவே உள்ளே கிடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் போய் வாழ்த்தச் சொல்வது அவசரம். வார்டில் நாங்கள் முதலில் படித்த பாடங்களில் ஒன்று: சீழ் பிடித்த புண்ணின் வாயை முந்தி மூடவிடக் கூடாது. மேல்தோல் சேர்ந்துவிட்டால் பார்க்க ஆறியது போல இருக்கும். உள்ளே குழி பறித்துக்கொண்டே போகும். காஸ் துணியைத் திணித்து வாயைத் திறந்தே வைத்து, அடியிலிருந்து ஆறி மேலே வரும்படி பார்த்துக்கொள்வோம். உங்கள் வாழ்த்து இப்போதைக்கு மேல்தோல்தான்.

வாழ்த்தே தவறு என்று நான் சொல்லவில்லை. வேதாத்திரி மகரிஷி (1911–2006) மனவளக்கலை என்ற பயிற்சி முறையை வகுத்தபோது, தவம் என்று அவர் சொன்ன தியானத்துக்குப் பக்கத்திலேயே தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வையும் வைத்தார். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று அதில் தனித்தனிப் பாடங்கள். பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால்கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம் என்று ஆறு குணங்களை வரிசைப்படுத்தி, இவற்றில் எது தன்னிடம் எந்த அளவில் இருக்கிறது என்று ஒருவர் தன்னையே பார்க்கச் சொன்னார். வாழ்த்து இந்த ஆராய்ச்சியோடு சேர்ந்து நடப்பது. கண்ணை மூடுவதையும் வாழ்த்துவதையும் எடுத்துக்கொண்டு, சங்கடமான நடுப்பகுதியை நாமாகவே விட்டுவிடுகிறோம். என் மாடிக்கு வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். என்ன தேதி, எந்த இடம், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள். "துரோகம்", "ஏமாற்று" போன்ற சொற்களை அந்தப் பக்கத்தில் விடாதீர்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு இடத்திலும் உங்களுக்கு என்ன உணர்ச்சி வந்தது என்று எழுதுங்கள். கோபம் என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு அடியில் பயமா, அவமானமா, ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கமா என்று தோண்டுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1986-ல் வெளியானது. வாழ்க்கையில் பட்ட பெரிய வேதனையைப் பற்றி 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதில் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. ஆகவே எழுதிய அன்று மனம் கனத்தால் பயப்படாதீர்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயரைச் சொல்வதிலும் பலன் இருக்கிறது. 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் கோபமும் பயமும் காட்டும் முகங்களின் படங்களைக் கொடுத்து, அந்த உணர்ச்சியின் பெயரைச் சொல்லச் சொல்லி மூளையைப் படம் பிடித்தார்கள். பெயர் சொன்னபோது, அச்ச உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்கியது.

எழுதிய கையோடு உட்காருங்கள். அரை மணி வேண்டாம், 10 நிமிடம் போதும். விடுகிற மூச்சு, இழுக்கிற மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். அண்ணன் முகம் வந்தால் வரட்டும். விரட்ட வேண்டாம், அவரோடு வழக்காடவும் வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாடை இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா, அடிவயிற்றில் சூடா? அந்த இடத்திலேயே கவனத்தை வையுங்கள். விபாசனாவின் அடிப்படை இதுதான்: உடம்பில் எழும் உணர்வை விரும்பாமலும் வெறுக்காமலும் அது எழுந்து அடங்குவதைப் பார்ப்பது. பர்மாவில் இதைக் கற்று 1969-ல் இந்தியாவுக்கு வந்து பரப்பிய கோயங்காவின் 10 நாள் வகுப்பில் முதல் மூன்று நாட்களுக்குமேல் மூச்சைக் கவனிப்பது தவிர வேறு பயிற்சி கிடையாது. ஓரிடத்தில் நிற்கப் பழகிய பிறகுதான் மனத்தை உடம்பு முழுவதும் கொண்டுபோகிறார்கள். உங்களுக்கும் முதல் ஒரு வாரம் மூச்சு மட்டும் போதும்.

அழுகை வந்தால் அடக்காதீர்கள். அம்மாவுக்காக நீங்கள் இன்னும் சரியாக அழவில்லை என்று நினைக்கிறேன். அத்தனை நீளக் கடிதத்தில் "அம்மா இறந்த பிறகு" என்ற இடத்தைத் தவிர அம்மா எங்குமே இல்லை.

இத்தனையும் செய்த பிறகு, எனக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்ற வரி நோட்டில் அசையாமல் நின்றால், அதைத் தியானத்தால் கரைக்கப் பார்க்க வேண்டாம். தாயின் சொத்தில் மகளும் வாரிசுதான். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனோடு சம உரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் திருத்தம் வந்துவிட்டது. விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு உங்களுக்கு என்ன வழி மிஞ்சியிருக்கிறது என்பதைப் பத்திர நகலோடு போய் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வழக்குப் போடாமலும் இருக்கலாம். அண்ணனிடம் நேரில் போய், "கையெழுத்துப் போட்டது என் மனதார இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாம். எதைச் செய்தாலும் உள்ளது தெரிந்து செய்யுங்கள்.

கேள்வி: ஆச்சி, நானும் என் நண்பனும் பாளையங்கோட்டை மைய நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்தோம். அவன் தேறி கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டான். எனக்குச் சில மதிப்பெண்ணில் போய்விட்டது. அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கட்டிப் பிடித்து வாழ்த்தினேன். உள்ளே, இவன் அந்த வேலையில் ஏதாவது சிக்கலில் மாட்ட வேண்டும் என்று ஓர் எண்ணம் ஓடியது. அன்றிலிருந்து என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் இவ்வளவு கெட்டவனா?
— வாசகர், பேட்டை

பதில்: தம்பி, பொறாமைப்படுகிறவர்கள் அதை நியாயமான கோபம் என்றோ, ஊழல் என்றோ, அதிர்ஷ்டம் என்றோதான் பெரும்பாலும் சொல்லிக்கொள்வார்கள். நீ அதன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாய். உன் வயதில் அது எளிது இல்லை. உன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

உன் பேட்டையில் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினால் வழியில் பத்தமடை வரும். பாய்க்குப் பெயர்போன ஊர் என்று தெரிந்திருப்பாய். 1887-ல் அந்த ஊரில் பிறந்த குப்புசுவாமி என்ற பையன் மருத்துவம் படித்து, மலேயாவில் டாக்டராக வேலை பார்த்து, 1924-ல் ரிஷிகேசத்தில் துறவு வாங்கி சுவாமி சிவானந்தர் ஆனார். மற்ற சாமியார்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் எனக்குப் பிடிக்கும். சீடர்களுக்கு அவர் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபப்பட்டாய், வீண் பேச்சுக்காரர்களோடு எவ்வளவு நேரம் இருந்தாய், எந்தக் கெட்ட குணத்தை ஒழிக்க முயல்கிறாய் என்று கேள்விகள். முக்கால்வாசிக் கேள்விக்கு எண்ணில் பதில் எழுத வேண்டும். டாக்டர் அல்லவா, காய்ச்சல் அட்டவணை மாதிரியே வைத்துவிட்டார். எண்ணில் எழுதும்போது "நான் கெட்டவன்" என்று எழுத இடமே இருக்காது. "இன்று இரண்டு முறை" என்றுதான் எழுத முடியும். அந்த இரண்டு முறையும் எப்போது, எதைப் பார்த்து வந்தது என்று பார்க்கலாம்.

அந்த நாட்குறிப்பில் பொய்க்கும் கோபத்துக்கும் தனக்குத் தானே என்ன தண்டனை கொடுத்தாய் என்றும் கேட்டிருப்பார். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே தங்களைப் போதுமான அளவு தண்டித்துக்கொள்கிறார்கள்.

நீ எழுது. அவனிடம் இருப்பதில் எது உனக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுது. அந்த வேலையா? மாதச் சம்பளமா? அவன் அப்பா தெருவில் நின்று பேசும்போது குரலில் வந்திருக்கும் நிமிர்வா? கடைசியில் சொன்னதாக இருந்தால், உன் பொறாமை நண்பனைப் பற்றியதே இல்லை. உன் அப்பாவிடம் நீ எதிர்பார்த்துக் கிடைக்காமல் இருக்கும் ஒரு சொல்லைப் பற்றியது. அப்படி இருந்தால் அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

பிறகு ஒரு பயிற்சி. பிறர் நலம் கண்டு மகிழ்வதை பௌத்தர்கள் முதிதை என்று பெயரிட்டு, மைத்திரி (நட்பு), கருணை, உபேட்சை (சமநிலை) ஆகியவற்றோடு சேர்த்து நான்கு தியானங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி தானாக வராது, பழக வேண்டும் என்று தெரிந்துதான் அதைப் பயிற்சியாக்கினார்கள். ஆனால் நேராக நண்பனிடமிருந்து தொடங்காதே. உன்னோடு போட்டியே இல்லாத ஒருவரை முதலில் எடுத்துக்கொள். உன் தங்கை பரீட்சையில் தேறியதை நினைத்து உட்கார். அந்த மகிழ்ச்சி உடம்பில் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர். நண்பன் கடைசியில். மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். அதுவரை அவன் எதிரே வந்தால் இல்லாத மகிழ்ச்சியைக் காட்டி நடிக்க வேண்டாம். "எனக்குக் கிடைக்காதது வருத்தமாக இருக்கிறதுடா" என்று சொல்லலாம். நல்ல நண்பனாக இருந்தால் அவனுக்குப் புரியும். அடுத்த தேர்வுக்கு அவனுடைய குறிப்புகளையும் வாங்கிக்கொள்.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தியானம் என்றால் வேறு மதத்துக்காரர்களுடையது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் மாடிக்கு வந்து உட்காரலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக வாருங்கள். வராவிட்டாலும் உங்களிடம் இல்லாதது எதுவும் என்னிடம் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முன் ஆத்தும சோதனை, அதாவது தன் மனதைத் தானே சோதித்துப் பார்ப்பது, செய்யச் சிறு வயதிலேயே உங்களுக்குக் கற்றுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் ஊரில் 1923-ல் கல்லூரி தொடங்கிய இயேசு சபையினரின் நிறுவனர் இனிகோ என்கிற இஞ்ஞாசியார் (1491–1556), தன் சபையினர் நண்பகலிலும் இரவிலும் நாளுக்கு இரண்டு முறை இதைச் செய்ய வேண்டும் என்று வைத்தார். அவருடைய தோழரான சவேரியார்தான் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தவர்.

இஞ்ஞாசியார் வகுத்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் அன்றைய நாளில் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி. பிறகு உண்மையைப் பார்க்க வெளிச்சம் வேண்டுவது. அதன் பிறகுதான் அந்த நாளை மணிக்கு மணி திருப்பிப் பார்ப்பது. பின் மன்னிப்பு. முடிவில் நாளைக்கு என்ன மாற்றுவது என்ற தீர்மானம். நன்றியில் தொடங்குவதை நான் பெரிதாக நினைக்கிறேன். பெற்றதை எண்ணிவிட்டுக் குறையைப் பார்க்கும் மனம் நடுங்காமல் பார்க்கும். என் மாடிக்கு வருகிற எல்லாருக்கும், கோவிலுக்குப் போகிறவர்களுக்கும்கூட, இந்த வரிசையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு அம்மா, "இதைத்தான் நாங்கள் முஹாசபா என்கிறோம், மறுமையில் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன்னால் நம்மை நாமே கணக்குப் பார்ப்பது" என்றார். அவர் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு செய்கிறார். நீங்கள் இரவு ஜெபத்தோடு சேர்த்துச் செய்யலாம். வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் பேசாமல் இருந்தார் என்பார்கள். எனக்கு இரண்டு நிமிடம்கூட எண்ணம் நிற்க மாட்டேன் என்கிறது. முழங்கால் வலியும் இருக்கிறது.
— வாசகர், ஆழ்வார்திருநகரி

பதில்: நாற்காலியில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் படட்டும். எண்ணம் நிற்க வேண்டியதில்லை. மனம் ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திரும்ப மூச்சுக்கு வருகிறீர்களே, அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. பத்து முறை ஓடினால் பத்துப் பயிற்சி.

கேள்வி: சுயபரிசோதனை செய்யச் சொல்லி நீங்கள் எழுதியதைப் படித்து ஆரம்பித்தேன். இப்போது இரவு படுத்ததும் பகலில் பேசியதெல்லாம் திரும்ப ஓடுகிறது. சக ஆசிரியையிடம் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு மாணவனை வகுப்பில் வைத்துத் திட்டியது, எப்போதோ மாமியாரிடம் காட்டிய அலட்சியம். நான் மோசமானவள் என்றே தோன்றுகிறது. இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை.
— ஆசிரியை, ஆலங்குளம்

பதில்: டீச்சர், இன்றிலிருந்து இதை நிறுத்துங்கள். படுக்கையில் செய்யவே செய்யாதீர்கள்.

நீங்கள் செய்வதற்கு உளவியலில் வேறு பெயர் உண்டு. துன்பத்தையும் தன் குறையையும் திரும்பத் திரும்ப அசைபோடுவது. சூசன் நோலன்-ஹோக்சிமா (1959–2013) என்ற உளவியலாளர் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதிலேயே செலவிட்டார். இப்படி அசைபோடுகிறவர்களுக்கு மனச்சோர்வு நீளும், ஆழமாகும் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. உள்ளிருந்து பார்க்கும்போது அது ஏதோ நேர்மையான காரியம் போலவே தோன்றும். அதனால்தான் விட முடிவதில்லை. அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி சொல்கிறேன். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்ற கேள்விக்கு எத்தனை இரவு விழித்தாலும் பதில் வராது. "அந்த மாணவனிடம் என்ன சொன்னேன், அவனுக்கு நான் செய்ய வேண்டியது என்ன" என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வரும்: வகுப்பில் வைத்துத் திட்டினேன், வகுப்பில் வைத்தே வருத்தம் தெரிவிக்க வேண்டும். நாளைக்குப் போய்ச் செய்துவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம். அடிக்க முடியாத வரிகளை எழுதவே வேண்டாம்.

பள்ளி விட்டு வந்து காபி குடித்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே 10 நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள். நன்றியில் தொடங்குங்கள், மேலே பாளையங்கோட்டை வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள். நோட்டை மூடிய பிறகு அன்றைக்குத் திறக்கக் கூடாது. கண்ணை மூடினால் இந்த ஓட்டம் கூடுகிறது என்றால், கண்ணைத் திறந்துகொண்டு மெதுவாக நடங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். அதுவும் தியானம்தான். பல நாள் மௌன முகாம்களுக்கு இப்போது போகாதீர்கள். அத்தகைய வகுப்புகளை நடத்துகிறவர்களே விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றி விசாரிக்கிறார்கள். உள்ளே நொந்திருப்பவர்களுக்கு நீண்ட மௌனம் தாங்க முடியாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனிச் சொல்வதைச் செவிலியராகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் தாழ்ந்து கிடந்து, தூக்கமும் பசியும் கெட்டு, தன்மேலேயே வெறுப்பு வந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது. மனநல மருத்துவரைப் பாருங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022-ல் தொடங்கியது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியை விட வேண்டியதில்லை. அதேபோல நீங்கள் மருந்தையும் தியானத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். போனில் பேசிய பிறகு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். மாமியார், "தியானம் பண்ணு, பொறுமை வரும்" என்கிறார். பொறுமைக்கு எந்தத் தியானம் நல்லது?
— ஊர் பெயர் வேண்டாம்

பதில்: எந்தத் தியானமும் வேண்டாம். உங்களுக்குப் பொறுமை போதாமல் இல்லை.

181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ல் வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி அடி, மிரட்டல், பணத்தைப் பறிப்பது எல்லாமே குற்றச்சாட்டுக்குரியவை. வீடு அவர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போன பெண்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், திரும்பவும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பத்திரமான இடத்தில் இருக்கும் காலத்தில், உட்கார வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள்.

கேள்வி: 20 வருடங்களுக்கு முன் திருப்பூரில் ஒன்றாக வேலை பார்த்த நண்பரிடம் 30,000 ரூபாய் கைமாற்றாக வாங்கினேன். எழுத்து எதுவும் இல்லை. திருப்பிக் கொடுப்பதற்குள் அவர் விபத்தில் இறந்துவிட்டார். அவர் வீட்டம்மாவுக்கு இது தெரியாது, நானும் சொல்லவில்லை. இப்போது கடவுள் புண்ணியத்தில் வசதியாக இருக்கிறேன். ஆடி அமாவாசை தோறும் பாபநாசம் போய்க் குளிக்கிறேன். தியானமும் செய்கிறேன். நெஞ்சில் ஏதோ ஒன்று உட்கார்ந்தே இருக்கிறது. இது போக என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கடையம்

பதில்: அண்ணாச்சி, பணத்தைக் கொடுங்கள்.

பாபநாசத்தில் குளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் குளிக்கிறவள், பொதிகையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரில் தலையை முக்கினால் மனம் லேசாவது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் எத்தனை அமாவாசைக்கு முழுகினாலும் அந்த அம்மா கையில் ஒரு ரூபாய் போய்ச் சேராது. தியானத்தில் அந்தப் பாரம் உங்களைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது என்றால் உங்கள் தியானம் ஒழுங்காக நடக்கிறது என்றே அர்த்தம். தட்டுவதை நிறுத்த இன்னொரு மந்திரம் கேட்காதீர்கள்.

எவ்வளவு என்று பார்ப்போம். ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டி என்று வைத்தால் 30,000 ரூபாய் 20 வருடத்தில் ஏறக்குறைய 1,16,000 ரூபாய். அதற்குக் குறையாமல் கொடுங்கள். கொடுக்கும்போது உதவி என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், "உங்கள் வீட்டுக்காரரிடம் நான் வாங்கிய கடன்" என்று சொல்லுங்கள். உதவி என்று சொன்னால் அந்த அம்மா உங்களுக்கு நன்றி சொல்வார். இறந்துபோனவருக்குச் சேர வேண்டிய நல்ல பெயரையும் நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும். தன் கணவர் கஷ்டத்தில் இருந்த நண்பனுக்குக் கை கொடுத்தவர் என்று அவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். பணத்தை வங்கிக் கணக்கில் போடலாம். ஆனால் நேரில் போய்ச் சொல்லாமல் போடாதீர்கள்.

அவர் உங்களைத் திட்டலாம். அந்த வருடம் பணம் இல்லாமல் மகனின் படிப்பு நின்றது என்று சொல்லலாம். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்கள் நெருக்கடிகளை அங்கே விளக்க வேண்டாம், மன்னிப்பையும் வற்புறுத்திக் கேட்க வேண்டாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். மன்னிக்காமல் அனுப்பிவிட்டாலும் கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான்.

போவதற்கு முந்தின இரவு உங்கள் மனம் பல நல்ல காரணங்களைக் கொண்டுவரும். அவர்கள் இப்போது நன்றாகத்தான் இருப்பார்கள், பழையதைக் கிளறி அழவைப்பது பாவம், அதே தொகையை ஏதாவது கோவிலுக்குக் கொடுத்தால் புண்ணியமாவது சேரும் என்று சொல்லும். அவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் யாருக்கு லாபம் என்று தெரியும். ஆனால் பஸ் டிக்கெட்டை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.